அரிசிதான் என்றாள் பாத்திமா மேரி

பாத்திமா மேரியின் கணவர் இருதயசாமி மாத்திரை விஷயத்தில் ஒருநாளும் தவறாதவர். கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் உள்ளங்கையில் கொட்டிப் பார்த்து விழுங்குவார். அப்படிப்பட்டவர் ஒரு தாளடி அறுவடையின்போது, டிராக்டரில் நெல்மூட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கம் முடிந்த வாரத்தில் மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளைப் பாத்திமா மேரி அடுப்பில் போட்டாள். "ஒரு வேளை விடாம முழுங்கினவரே போயிட்டாரு. இந்தக் கருமத்தால என்ன புண்ணியம்?" என்றாள். அன்றிலிருந்து மாத்திரை என்ற சொல்லையே அவள் சந்தேகத்தோடுதான் பார்த்தாள்.

சாலியமங்கலத்துக்குத் தெற்கே, வடவாற்றுப் பாசனத்தில் இருந்தது அவர்களுடைய ஊர். சொந்தமாக வீட்டுமனை மட்டும்தான். நிலம் குத்தகை. கணவர் போனபின் குத்தகையைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்றுதான் ஊரில் நினைத்தார்கள். அவள் கொடுக்கவில்லை. தண்ணீர் முறை வைப்பதில் பக்கத்து வயல்காரர்களோடு சண்டை போட்டாள். உர மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். ஐம்பத்தாறு வயதிலும் களையெடுப்பில் அவளுக்கு முன்னால் ஒருத்தியும் வரிசையை முடித்ததில்லை. குரலும் அப்படித்தான். வாய்க்கால் தலைப்பில் நின்று அவள் கூப்பிட்டால் கோயில் வாசலில் கேட்கும் என்பார்கள்.

நடை என்றால் அவளுக்கு உயிர். ஒவ்வொரு வருஷமும் ஆவணியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்குக் காவிச் சேலை கட்டிக்கொண்டு நடந்தே போவாள். கல்யாணமாகி நெடுநாள் குழந்தையில்லாமல் இருந்து, மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை ஜோசப்ராஜ். அவன் பிறந்த வருஷத்திலிருந்து ஒரு நடையும் தவறவில்லை. பக்கத்து வீட்டு ஃபிளோரா அவளைவிடப் பத்து வயது சின்னவள். அவளும் கூட வருவாள். "அக்கா பின்னாடி போனா நடக்கறது இல்ல, ஓடறதுதான்" என்று ஃபிளோரா வழியெல்லாம் புலம்புவாள்.

ஜோசப்ராஜ் இப்போது சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். கல்யாணமாகிவிட்டது. மனைவி பிள்ளைப்பேற்றுக்காக மன்னார்குடியில் தாய்வீட்டில் இருந்தாள். அப்பா இறந்தபோது அவனுக்கு டிக்கெட் கிடைத்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அதிலிருந்து அம்மாவின் உடம்பைப் பற்றி அவனுக்கு ஓயாத பயம். ஒருமுறை கோயில் மண்டபத்தில் நடந்த மருத்துவ முகாமில் பாத்திமா மேரிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கொழுப்பு ரொம்ப அதிகம் என்றார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் விழுங்கினாள். தொடையெல்லாம் வலிக்கிறது என்று நிறுத்திவிட்டாள். போய் டாக்டரிடம் அதைச் சொல்லவும் இல்லை.

மகனிடம் மட்டும் சொன்னாள். அவன் பதறிப் போனான்.

"அப்பாவுக்கு ஆனது மறந்துபோச்சாம்மா?"

"அவரு மாத்திரை சாப்பிட்டுத்தான்யா போனாரு."

"சரி, மாத்திரை வேணாம். இயற்கையா ஏதாவது இருந்தா சாப்பிடுவியா?"

"இயற்கைன்னா பார்ப்போம்."

அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர்களில் ஒருவர் சீனர்களின் பழைய முறை என்று ஒன்றைச் சொல்லியிருந்தார். சிவப்பு ஈஸ்ட் அரிசி. அரிசியில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்துப் புளிக்கவைத்தால் அது குங்கும நிறத்துக்கு வரும். அதைப் பொடித்து, கேப்ஸ்யூல் என்கிற விழுங்கும் சின்னக் குப்பிகளில் அடைத்து விற்கிறார்கள். ஜோசப்ராஜ் போனில் தேடிப் படித்தான். கொழுப்பைக் குறைக்கும் என்று எங்கு பார்த்தாலும் போட்டிருந்தது. அது பொய்யும் இல்லை. பொங்கலுக்கு ஊர் வந்த ஒருவர் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தனுப்பினான்.

பாத்திமா மேரி ஒரு குப்பியைப் பிரித்து உள்ளிருந்த சிவப்புப் பொடியை உள்ளங்கையில் கொட்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். "அரிசிதான்டி" என்று ஃபிளோராவிடம் சிரித்தாள். "நம்மூருல இல்லாத அரிசியா? அதை அங்கேருந்து அனுப்புறான் பாரு, என் புள்ளை."

ஆனால் சாப்பிட்டாள். மகன் அனுப்பியது என்பதற்காகவே சாப்பிட்டாள். சித்திரையில் அம்மாபேட்டைக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தபோது கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. தாளைப் போட்டோ எடுத்து ஃபிளோரா சிங்கப்பூருக்கு அனுப்பினாள். ஜோசப்ராஜ் போனிலேயே அழுதுவிட்டான். அப்பாவுக்குச் செய்ய முடியாததை அம்மாவுக்குச் செய்துவிட்டோம் என்று அவனுக்கு இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சந்தோஷத்தில் மாமியாருக்கும் ஒரு பாட்டில் அனுப்பினான். மன்னார்குடிச் சம்பந்தி சவரியம்மாளுக்குச் சர்க்கரையும் உண்டு, கொழுப்பும் உண்டு. ஆஸ்பத்திரி மாத்திரையோடு இதையும் சேர்த்துக்கொண்டாள்.

ஆடியில் பாத்திமா மேரியின் பாட்டில் தீர்ந்தது. பழைய கம்பெனியுடையது கடையில் இல்லை என்று மகன் வேறொன்று அனுப்பினான். இதில் பொடி இன்னும் கருஞ்சிவப்பாக இருந்தது. அதன் பிறகுதான் அவளுக்குத் தோளும் தொடையும் கனக்க ஆரம்பித்தன. குறுவையில் களை அதிகம், குனிந்தே கிடந்ததால்தான் என்று நினைத்தாள். தைலம் தேய்த்துக்கொண்டாள்.

நடைப்பயணம் நெருங்கும்போது சளி பிடித்தது. நெஞ்சில் கட்டிக்கொண்டு இருமல் விடவில்லை. இப்படி இருமிக்கொண்டு நடக்க முடியாது என்று ஃபிளோரா கிளினிக்குக்கு இழுத்துப்போனாள். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். ஒரு வாரத்துக்கு ஆன்டிபயாடிக் எழுதினார். எழுதும்போதே கேட்டார்.

"வேற ஏதாவது மருந்து மாத்திரை சாப்பிடுறீங்களா? கொழுப்புக்கு, பிரஷருக்கு, ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் அது மாத்திரையே இல்லை. பக்கத்தில் நின்ற ஃபிளோராவுக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

இருமல் மட்டுப்பட்டது. மருந்து இன்னும் பாக்கி இருக்கும்போதே நடை தொடங்கியது. அதையும், சிவப்புக் குப்பிகளையும் சேர்த்துச் சேலை மூட்டையில் முடிந்துகொண்டாள். தஞ்சாவூரிலிருந்து வந்த கூட்டத்தோடு சாலியமங்கலத்தில் சேர்ந்துகொண்டார்கள். மாதா படம் வைத்த தள்ளுவண்டி முன்னால் போயிற்று. ஸ்பீக்கரில் ஜெபமாலை ஓடியது. வெயில் அந்த வருஷம் ஆவணியிலும் சித்திரை போல அடித்தது.

நீடாமங்கலம் வருவதற்குள்ளேயே ஃபிளோரா ஒன்றைக் கவனித்தாள். எப்போதும் முன்னால் போகிற அக்கா பின்தங்கினாள். உட்கார்ந்து எழுந்திருக்கும்போது முழங்காலைக் கையால் ஊன்றிக்கொண்டாள்.

"என்னக்கா, முடியலையா?"

"காலெல்லாம் ரணமா இருக்குடி. அடிச்சுப் போட்ட மாதிரி."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அங்கே யாருக்குத்தான் கால் வலிக்கவில்லை? பந்தலில் வரிசையாகக் கால் நீட்டிப் படுத்திருந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வலியைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவர் வலிநிவாரண மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் சுடுதண்ணீர் கொண்டுவந்தார். மாதாவுக்காகப் படுகிற பாடு என்றார் மூன்றாமவர். அத்தனை வலிக்கு நடுவில் அவளுடைய வலி மட்டும் வேறு என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை கொரடாச்சேரிக்கு முன்னால் ஒதுங்கப் போய்விட்டுத் திரும்பியவளின் முகம் வெளுத்திருந்தது.

"மூத்திரம் கடுங்காப்பி மாதிரி போவுதுடி."

ஃபிளோரா பயந்துபோனாள். "வாக்கா, பஸ் ஏறிடுவோம். ஆஸ்பத்திரில காட்டுவோம்."

"சூடுடி. தண்ணி குடிச்சா சரியாயிடும். பாதில விட்டுட்டுப் போகவா நான் நேர்ந்துகிட்டேன்?"

தண்ணீர் குடித்தாள். மோர் குடித்தாள். குப்பியையும் விழுங்கினாள், இருமல் மாத்திரையையும் விழுங்கினாள். திருவாரூருக்குச் சில கிலோமீட்டர் இருக்கையில் ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. ஃபிளோராவும் இன்னொரு பெண்ணும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். கால்கள் தாங்கவில்லை, துணி போலத் துவண்டன. கூட்டம் ஒதுங்கி ஒதுங்கி அவளைக் கடந்து போயிற்று. வண்டியின் ஸ்பீக்கர் சத்தம் தூரத்தில் தேயும்வரை அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஃபிளோரா பிறகு சொன்னாள். 108 வந்தது.

திருவாரூரில் அவளைப் பார்த்தவர் டாக்டர் நிலோஃபர். சின்ன வயது, வேகமான பேச்சு. ரத்தப் பரிசோதனை வந்ததும் அவர் முகம் மாறியது. தசை சிதைந்து ரத்தத்தில் கலந்திருக்கிறது. அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிட்டது. சிறுநீர் அனேகமாக நின்றே போயிருந்தது.

"நடந்ததால மட்டும் இந்த அளவுக்கு வராது. என்ன மருந்து சாப்பிட்டீங்க, சொல்லுங்கம்மா."

"இருமலுக்குக் கொடுத்தாங்க. வேற ஒண்ணும் இல்லை."

"கொழுப்புக்கு?"

"இல்லைங்க."

டாக்டர் ஃபிளோராவைப் பார்த்தார். ஃபிளோரா மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டினாள். காவிச் சேலை, ஜெபமாலை, தைலம், இருமல் மாத்திரை அட்டை, பாட்டில். டாக்டர் பாட்டிலை எடுத்துத் திருப்பிப் படித்தார்.

"இது என்ன?"

"அது அரிசிங்க" என்றாள் பாத்திமா மேரி.

டாக்டருக்குக் கோபம் வந்திருக்கலாம். காட்டவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். "அரிசிதான்மா. ஆனா அந்தப் பூஞ்சை அரிசியில ஒரு மருந்தை உண்டாக்குது. கொழுப்புக்கு நாங்க குடுக்கிற மாத்திரையில ஒரு வகைக்குள்ள இருக்கிறதும் அதே மருந்துதான். அதனாலதான் உங்களுக்குக் கொழுப்பு குறைஞ்சுது. கெடுதலும் அதே மாதிரிதான் வரும். எங்க மாத்திரையில எவ்வளவு இருக்குன்னு அட்டையிலேயே இருக்கும். இதுல ஒரு பாட்டில்ல கொஞ்சமா இருக்கும், அடுத்த பாட்டில்ல பல மடங்கு இருக்கும், யாருக்கும் தெரியாது. சில சரக்குல கிட்னியைக் கெடுக்கிற விஷமும் சேர்ந்தே வரும்."

"அப்ப இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே?" என்று ஃபிளோரா கேட்டாள்.

"இந்த இருமல் மாத்திரை சேர்ந்ததுதான் வினை. அது இருக்கும்போது உடம்பால இந்த மருந்தைக் கழிக்க முடியாது, உள்ளேயே சேர்ந்துபோகும். அதோட இந்த வெயில்ல நடை. அந்த டாக்டருக்குத் தெரிஞ்சிருந்தா வேற ஆன்டிபயாடிக் கொடுத்திருப்பார், இல்லைன்னா இதை நிறுத்தச் சொல்லியிருப்பார்."

பாத்திமா மேரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஃபிளோராவின் கையைப் பிடித்து இழுத்தாள். "தம்பிக்கிட்ட சொல்லிடாதே. நடந்ததுல வந்துச்சுன்னு சொல்லு. அவனுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டான்."

கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் தொடங்கினார்கள். உடம்பு ஊதி, முகமே வேறாகிவிட்டது. ஓயாமல் குமட்டியது. வாய்க்கால் தலைப்பிலிருந்து கூப்பிட்ட குரல், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலாயிற்று. கொடியேறியதும் திருவிழா முடிந்ததும் அவளுக்குத் தெரியாது. ஜோசப்ராஜ் தினமும் போன் செய்தான். வெயில், தண்ணீர் குடிக்காமல் நடந்தது என்று ஃபிளோரா அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். அவன் அம்மாவைத் திட்டினான். இனிமேல் நடக்கக் கூடாது என்றான். லீவு கேட்டிருப்பதாகவும் சொன்னான். அவள் உம் கொட்டினாள்.

வீட்டுக்கு அனுப்பியபோது வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த சில நாட்களில், சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் ஒரு பார்சலைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே சாக்லேட், கோடாலித் தைலம், மன்னார்குடியில் பிறந்திருந்த குழந்தைக்குச் சட்டை, இரண்டு பாட்டில் சிவப்பு அரிசிக் குப்பி. ஒன்றில் 'அம்மா' என்று பேனாவால் எழுதியிருந்தான். இன்னொன்றில் 'அத்தை'.

பாத்திமா மேரி அந்த இரண்டாவது பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மகனைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய், மன்னார்குடியில் இன்னொருத்தியைக் கொல்லப் பார்க்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"போனைப் போடுடி" என்றாள்.

ஃபிளோரா அழைத்துக் கொடுத்தாள். வேலை முடிந்து பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான் ஜோசப்ராஜ்.

"தம்பி, உன் மாமியார் அந்தக் குப்பியைச் சாப்பிடுறாங்களா?"

"ஆமாம்மா. ஏன்?"

"நிறுத்தச் சொல்லு. இன்னைக்கே."

"என்னாச்சு?"

அவள் சொன்னாள். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். எதையும் குறைக்கவில்லை. கேட்டு முடித்ததும் அவன் பக்கத்திலிருந்து பஸ்ஸின் இரைச்சல் மட்டும்தான் வந்தது. "ஹலோ, தம்பி, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். லைன் கட்டாகிவிட்டது. மனைவிக்கு மட்டும் ஒரு வரி அனுப்பியிருந்தான், அத்தை அதைச் சாப்பிட வேண்டாம் என்று. அதற்குப் பிறகு அவன் யாருடைய போனையும் எடுக்கவில்லை. பாத்திமா மேரிக்குத் தன் உடம்பைவிட அது பெரிய பயமாகிவிட்டது. பட்டறையில் கூட வேலை செய்யும் பையன் ஒருவன் மூலம் அவன் வேலைக்குப் போய்வருகிறான் என்று தெரிந்த பிறகுதான் கஞ்சி இறங்கியது.

ஐப்பசி மழையில் வந்து சேர்ந்தான். வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவன் பையை வாசலிலேயே போட்டுவிட்டு நின்றான்.

"படிச்சுப் பார்த்துட்டுத்தான்மா வாங்கினேன். நல்லதுன்னுதான் போட்டிருந்துச்சு."

"நல்லதும்தான் செஞ்சுது. கொழுப்பு குறைஞ்சுச்சா இல்லையா? நீ பொய்யா சொன்னே?"

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுன்னு நான் சொல்லியிருக்கணும்."

"கேட்டப்ப சொல்லாதவ நான்தான்."

அவன் தலையைத் துவட்டிக்கொள்ளாமலே அவளை அடுப்படி வரை நடத்திக் கூட்டிப்போனான்.

அந்த வாரமே மன்னார்குடிக்குப் போனார்கள். சவரியம்மாள் குப்பியை நிறுத்தவில்லை என்று மருமகள் சொல்லியிருந்தாள். பாத்திமா மேரியைக் காரிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்காரவைக்கவே நேரமானது. சவரியம்மாள் காப்பி கொடுத்தாள், வருத்தப்பட்டாள். ஆனால் விஷயத்துக்கு வந்ததும் பிடிவாதம் பிடித்தாள்.

"உங்களுக்கு ஒத்துக்கலை சம்பந்தி. எனக்கு ஒண்ணும் பண்ணலையே. எவ்வளவு இறங்கியிருக்கு தெரியுமா? எங்க டாக்டரே ஆச்சரியப்பட்டுட்டாரு."

"அவருக்கிட்ட இதைச் சாப்பிடுறேன்னு சொன்னீங்களா?"

"இதை என்னத்தைச் சொல்றது?"

பாத்திமா மேரி சேலையை முழங்காலுக்குமேல் கொஞ்சம் ஒதுக்கினாள். ஆம்பளை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று சவரியம்மாள் அவசரமாகக் கதவைப் பார்த்தாள். ஜோசப்ராஜ் வெளியே போய்விட்டிருந்தான். "தொட்டுப் பாருங்க" என்றாள் பாத்திமா மேரி. தொடையில் சதையே இல்லை. எலும்பின்மேல் தோல் தொங்கியது. சவரியம்மாளின் கை அங்கேயே நின்றது.

"எழுந்திருச்சு ஜன்னல் வரைக்கும் நடக்கிறேன், பாக்குறீங்களா?"

"வேணாம் சம்பந்தி. உக்காருங்க."

மறுநாள் சவரியம்மாள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். ஈரல் கணக்கு ஏறியிருந்தது, தசைக் கணக்கும் இருக்க வேண்டியதற்கு மேல் இருந்தது. ஒரே வகை மருந்தை இரண்டு வழியில் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று அவளுடைய டாக்டர் கத்தினாராம். குப்பியை அன்றே நிறுத்தினார்கள். அவளுக்கு வேறெதுவும் ஆகவில்லை. ஆனால் அதன்பின் சவரியம்மாள் மருமகனிடம் முன்போல முகம்கொடுத்துப் பேசவில்லை. அவன் வாங்கிவந்த எதையும் தொடுவதில்லை. பேரனுக்கு வாங்கிவந்த பால் பவுடரைக்கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டாள்.

மார்கழியில் பாத்திமா மேரிக்கு டயாலிசிஸ் நின்றது. சிறுநீரகம் பாதிதான் திரும்பியிருக்கிறது, இனி முழுதாக வராது என்றார் டாக்டர் நிலோஃபர். தண்ணீர் அளவு, உப்பு அளவு, சாப்பாட்டு அளவு எல்லாம் சொன்னார். கொழுப்பு பழையபடி ஏறியிருப்பதையும் சொன்னார். இந்த வகையைச் சேராத வேறொரு மருந்தைக் கொஞ்சமாகத் தொடங்கிப் பார்க்கலாம், அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மாத்திரையை நினைத்தாலும் அவளுக்குப் பயம், இருதயசாமி வரப்பில் சாய்ந்ததை நினைத்தாலும் பயம். நெடுநேரம் யோசித்துவிட்டுச் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

குத்தகை நிலத்தை விட்டுக்கொடுத்தாயிற்று. ஆள் வைத்து நட்டிருந்த தாளடிப் பயிர் கதிர் பிடித்திருந்த நேரம். அறுக்கும்வரையாவது வைத்துக்கொள்ளச் சொன்னார் நிலக்காரர். கொல்லைப்புறத்துக்கே போய்வர முடியாதவள் வயலை எப்படிப் பார்ப்பாள்? வேறொருவர் எடுத்துக்கொண்டார்.

ஜோசப்ராஜ் லீவு முடிந்து கிளம்பினான். போகாமல் இருந்தால் வேலை போய்விடும். ஃபிளோரா அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை போனாள். பாத்திமா மேரி வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருமுனையில் அவன் திரும்பிப் பார்த்தபோது கையை ஆட்ட நினைத்தாள். நிலையை விட்டால் விழுந்துவிடுவோமோ என்று விடவில்லை. அவன் போய்விட்டான். அவள் மெதுவாகச் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள், ஃபிளோரா திரும்பி வந்து தூக்கிவிடும்வரை.